பெயருக்குப் பின்னால் ஒரு ‘பி’: விளம்பர மெசேஜ் உங்கள் போனுக்கு வந்து சேரும் வழி

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில், அனுப்பியவர் பெயருக்குக் கடைசியில் இப்போது ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. சிலவற்றில் ‘எஸ்’ (S), சிலவற்றில் ‘டி’ (T), கடைக்காரர்கள் அனுப்புவதில் ‘பி’ (P). அதே வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் எண் 1600 என்று தொடங்குகிறது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் குடும்பக் குரூப்புக்கு மேலே நகைக்கடை உட்கார்ந்திருக்கிறது. இது மோசடியா, புதுச் சட்டமா, போனில் ஏதும் கோளாறா என்று பலரும் கேட்கிறார்கள்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். குறுஞ்செய்தி போகும் வழியில் அரசு கெடுபிடியைக் கூட்டக் கூட்ட, விளம்பரம் பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறுகிறது. அந்தத் தெருவில் விதி போடுவதும் சுங்கம் வசூலிப்பதும் ஒரே தனியார் நிறுவனம். இது எப்படி நடந்தது என்று பார்க்க, முதலில் எஸ்எம்எஸ் என்ற பழைய சாமானைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எஸ்எம்எஸ்: 140 பைட் பெட்டி

உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் வோடஃபோன் வலையில் போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அனுப்பியது வெறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அப்போதே வகுத்திருந்த அளவு இன்றும் மாறவில்லை: ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட், அதாவது 1,120 பிட் கொள்ளும் ஒரு பெட்டி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். ஆகவே ஒரு பெட்டியில் 160 எழுத்து அடங்கும்.

தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70 இடம்தான் கிடைக்கும். அதிலும் நாம் ஓரெழுத்து என்று நினைப்பது கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு. ‘டி’ என்பதில் ட ஒன்று, கொக்கி ஒன்று. ‘க்’ என்பதில் க ஒன்று, புள்ளி ஒன்று. ‘வாடிக்கையாளர்களுக்கு’ என்ற சொல் நமக்கு 11 எழுத்து. பெட்டிக்குள் அது 20 இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஒரு துணிக்கடை ஆடி மாதத்தில் இப்படி அனுப்ப நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘ஆடித் தள்ளுபடி! எல்லாத் துணிகளுக்கும் 20% கழிவு. ஞாயிறு வரை மட்டும்.’

இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாம் சேர்த்து எண்ணினால் 68 இடம். மிச்சம் இரண்டு. கடையின் பெயரைப் போட இடம் இல்லை. போட்டால் செய்தி இரண்டு பெட்டியாகப் பிரியும், கட்டணமும் இரண்டு எஸ்எம்எஸ்ஸுக்கு. ஒரு லட்சம் பேருக்கு அனுப்பும் கடைக்கு இது சின்னக் கணக்கு இல்லை. தமிழ்நாட்டுக் கடை தமிழ் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியோ எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு மொழிப்பற்றின்மை ஒரு காரணமாக இருக்கலாம். பில் தொகை இன்னொரு காரணம். வாட்ஸ்அப்பில் இந்த எழுத்துக் கணக்கு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

பதிவேட்டில் இருந்து பிளாக்செயினுக்கு

மொபைல் மலிவானதும் தொல்லை தொடங்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-இல் ‘அழைக்க வேண்டாதவர்கள்’ பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் விதிகளை மாற்றி எழுதியது. 1909-க்குச் செய்தி அனுப்பிப் பதிவு செய்தவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ஏற்பாடு. நாம் டிஎன்டி என்று சொல்வது இதைத்தான்.

டிஎன்டி போட்டும் மெசேஜ் நிற்கவில்லையே என்ற புலம்பலுக்குக் காரணம் எளிது. அந்தப் பதிவேடு, பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஒரு சாதாரண சிம்மை வாங்கி, ஒரு கணினியோடு இணைத்து, நாள் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தவரை முன்கூட்டியே தடுக்க அதில் வழி இல்லை. வீட்டு வாசலில் ‘விற்பனையாளர்கள் உள்ளே வரக்கூடாது’ என்று பலகை மாட்டிவிட்டு, சுவரேறிக் குதிப்பவன் அதைப் படிப்பான் என்று எதிர்பார்த்த கதை.

2018 ஜூலை 19 அன்று டிராய் வெளியிட்ட புதிய விதிகள் தலைகீழாக யோசித்தன. பெறுபவர் பட்டியலை வைத்துக்கொண்டு வடிகட்டுவது போதாது. அனுப்புபவர் யார், என்ன அனுப்பப் போகிறார் என்பதை முன்கூட்டியே பதிய வேண்டும். இதற்குப் பகிர்ந்த பேரேடு என்ற தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழிலில் இருப்பவர்கள் டிஎல்டி என்பார்கள். பிட்காயினுக்குப் பின்னால் இருக்கும் பிளாக்செயின் இதன் உறவுக்காரன். ஏர்டெல், ஜியோ, வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் என ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டால், ஒருவர் தடுத்ததை இன்னொருவர் விட்டுவிடலாம். எல்லோரும் ஒரே பேரேட்டைப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் மட்டும் ரகசியமாக ஒரு வரியை அழிக்க முடியாது. பிளாக்செயினில் இங்கே இவ்வளவுதான் விஷயம். மந்திரம் ஏதும் இல்லை.

நம் துணிக்கடை இந்த ஏற்பாட்டில் கடக்க வேண்டிய படிகள்:

1. நிறுவனப் பதிவு. பான், ஜிஎஸ்டி ஆவணங்களைக் கொடுத்து ஏதாவது ஓர் ஆபரேட்டரின் டிஎல்டி தளத்தில் பதிந்து, ஓர் அடையாள எண் வாங்க வேண்டும்.

2. ஹெட்டர். போனில் அனுப்பியவர் பெயராகத் தெரிகிற ஆறு எழுத்து. கடையின் பெயரோடு அது பொருந்த வேண்டும். வேறொருவரின் பெயரைக் கேட்டால் கிடைக்காது.

3. டெம்ப்ளேட். அனுப்பப்போகும் செய்தியின் வாசகத்தை அப்படியே பதிய வேண்டும். ‘அன்புள்ள ___, உங்கள் பில் தொகை ___’ என்று மாறும் இடங்களுக்கு மட்டும் காலியிடம் விடலாம்.

4. ஒப்புதல். இந்த எண்ணுக்கு விளம்பரம் அனுப்பலாம் என்று அந்த வாடிக்கையாளர் சொன்னாரா என்பதற்கான பதிவு. நான்கில் மிகவும் நொண்டுவது இதுதான்.

இந்த நான்கும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு செய்தியையும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஸ்க்ரப்பிங் என்று பெயர். ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக இருந்தாலும் செய்தி விழுந்துவிடலாம். 2021 மார்ச் 8 அன்று ஸ்க்ரப்பிங்கை முழுவீச்சில் தொடங்கியபோது இது நாடு முழுக்கத் தெரிந்தது. டெம்ப்ளேட்டைச் சரியாகப் பதியாத நிறுவனங்களின் செய்திகள் தடுக்கப்பட்டன. அவற்றில் வங்கிகளின் ஓடிபியும் இருந்தது. பணம் அனுப்ப முடியாமல் மக்கள் தவித்தார்கள். மறுநாளே டிராய் ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைத்தது. விளம்பரத்தைத் தடுக்கக் கட்டிய அணையில் குடிதண்ணீர்க் குழாயும் சேர்ந்து அடைபட்டுப்போனது.

அந்தக் கடைசி எழுத்து என்ன சொல்கிறது?

2025 பிப்ரவரி 12 அன்று வந்த திருத்தத்தின் விளைவுதான் ஹெட்டரின் வால். ஓர் அனுப்புநர் பெயரை மூன்று துண்டாகப் படிக்க வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகளில் முதலாவது, எந்த ஆபரேட்டரின் வலையில் செய்தி நுழைந்தது என்பது: ‘ஏ’ என்றால் ஏர்டெல், ‘ஜே’ என்றால் ஜியோ. இரண்டாவது, எந்தத் தொலைத்தொடர்பு வட்டம்: ‘டி’ (D) என்றால் டெல்லி, ‘எம்’ என்றால் மும்பை. திருநெல்வேலிக் கடையின் செய்தி டெல்லி எழுத்தோடு வந்தால் பதற வேண்டாம். மொத்தமாக அனுப்பும் இடைத்தரகர் எங்கே இணைந்திருக்கிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது. நடுவில் இருப்பது நிறுவனத்தின் பெயர். கடைசி எழுத்து செய்தியின் வகை:

1. ‘பி’: விளம்பரம். டிஎன்டி போட்டவருக்கு, அவர் தனியாக ஒப்புதல் தராத வரை, இது வரக்கூடாது.

2. ‘எஸ்’: சேவை. உங்கள் பார்சல் புறப்பட்டது, பாலிசி தவணை நெருங்குகிறது போன்றவை.

3. ‘டி’ (T): பரிவர்த்தனை. ஓடிபி, கணக்கில் பணம் எடுத்த தகவல்.

4. ‘ஜி’: அரசு.

எழுத்தைப் பார்த்துச் சண்டை போடலாம் என்பதே இதன் பயன். ‘உங்களுக்கு ஐந்து லட்சம் கடன் தயார்’ என்று ‘எஸ்’ போட்டு வந்தால் அது சேவை வேடம் போட்ட விளம்பரம்; புகார் செய்யலாம். முன்பு புகாருக்கு மூன்று நாள்தான் அவகாசம். இப்போது ஏழு நாள். பதிவில்லாமல் அனுப்பியவர் மீது புகார் தர, நீங்கள் டிஎன்டி போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாளில் ஐந்து போதும். முதல் தடவை 15 நாள் வெளியழைப்பு முடக்கம், திரும்பச் செய்தால் ஓராண்டுக்கு எல்லா இணைப்பும் துண்டிப்பு. புகார் கணக்கை மறைக்கும் ஆபரேட்டர்களுக்கு முதலில் 2 லட்சம், அடுத்து 5 லட்சம், பிறகு ஒவ்வொரு தடவையும் 10 லட்சம் ரூபாய் அபராதம்.

எழுத்து சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ‘பி’ என்றிருந்தால் அனுப்பியவர் பதிவு செய்தவர் என்று பொருள்; அவர் விற்கும் பொருள் நல்லது என்று பொருள் இல்லை. பதிவு செய்த டெம்ப்ளேட்டின் காலியிடத்தில் மோசடி இணைப்பைச் செருகும் தந்திரமும் உண்டு. அதற்காகத்தான் 2024 அக்டோபர் முதல், முன்பே பதியாத இணையத்தள முகவரி உள்ள செய்திகள் தடுக்கப்படுகின்றன. 2025 நவம்பரில் இன்னும் ஒரு படி போனார்கள்: காலியிடத்தை வெறும் காலியிடமாக விடாமல், இங்கே எண் வரும், இங்கே இணைப்பு வரும் என்று வகை குறித்துப் பதியச் சொன்னார்கள்.

அழைப்புகள்: 140, 1600, பிறகு பத்து இலக்கம்

அழைப்பிலும் இதே தர்க்கம்தான். 140 என்று தொடங்கினால் விளம்பரம். 1600 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு, அரசு போன்றவற்றின் சேவை அழைப்பு. வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1-க்குள் 1600-க்கு மாற வேண்டும் என்று டிராய் கெடு வைத்தது. ‘வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்று சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வருபவரைச் சந்தேகிக்க இது ஒரு வசதி.

ஆனால் 140-ஐப் பார்த்தாலே யாரும் எடுப்பதில்லை. எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் அழைப்பவர் பத்து இலக்கத்துக்குத் திரும்புகிறார். 2024 ஆகஸ்ட் 13 அன்று, பதிவில்லாத டெலிமார்க்கெட்டர்களைத் துண்டிக்கும்படி டிராய் உத்தரவிட்டது. அடுத்த சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தன. எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பதைவிட, இத்தனை நாள் அவை இயங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால்தான் ஆச்சரியம்.

பக்கத்துத் தெரு: வாட்ஸ்அப்

இப்போது துணிக்கடையின் விளம்பரப் பிரிவில் இருப்பவர் இடத்தில் நின்று பாருங்கள். எஸ்எம்எஸ் என்றால் பதிவு, ஹெட்டர், டெம்ப்ளேட், ஸ்க்ரப்பிங். இத்தனையும் தாண்டிப் போனால் 70 இடம், படம் கிடையாது, படித்தாரா என்று தெரியாது. பக்கத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது. இந்தியாவில் 50 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். படம், வீடியோ, ‘இப்போதே வாங்க’ என்ற பொத்தான், முழுத் தமிழில் பல வரி எல்லாம் போடலாம். எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும்.

‘நாங்கள் விளம்பரம் விற்பதில்லை’ என்று 2012-இல் பெருமையாக அறிவித்த செயலி இது. 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2018 ஜனவரியில் சிறு கடைகளுக்கான பிசினஸ் செயலி வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களின் கணினியோடு நேரடியாக இணைக்கும் வசதி வந்தது. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் இருக்கும் பகுதியிலும் விளம்பரம் வரும் என்றார்கள்.

நிறுவனங்களிடம் மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) வசூலிக்கும் முறை இப்படி:

1. செய்திகள் நான்கு வகை: விளம்பரம், பயன்பாட்டுத் தகவல், ஓடிபி போன்ற சரிபார்ப்பு, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில்.

2. 2025 ஜூலை 1 முதல் கட்டணம் செய்திக்குச் செய்தி. அதற்கு முன்னால் ஓர் உரையாடலுக்கு இவ்வளவு என்று இருந்தது.

3. வாடிக்கையாளர் தானாக ஒரு மெசேஜ் போட்டால் 24 மணி நேரத்துக்கு ஒரு சாளரம் திறக்கும். அதற்குள் கடை தரும் பதிலுக்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது புள்ளிதான் கடைகளின் நடத்தையையே மாற்றுகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ என்ற பொத்தான் பெருகியதற்குக் காரணம் இதுவே. நீங்கள் தட்டிவிட்டால் உரையாடலை நீங்கள் தொடங்கியதாகக் கணக்கு. சாளரம் திறந்தது, எண் கிடைத்தது, ‘ஆர்வம் காட்டியவர்’ பட்டியலில் பெயரும் ஏறியது.

விலையில் எஸ்எம்எஸ் இன்னும் மலிவுதான். மொத்தமாக வாங்கினால் ஒரு எஸ்எம்எஸ் பத்து இருபது பைசாவில் முடியும். வாட்ஸ்அப் விளம்பரச் செய்தி முக்கால் ரூபாய்க்கு மேல். இருந்தும் கடைகள் போகின்றன என்றால், எஸ்எம்எஸ் பெட்டியை மக்கள் ஓடிபிக்காக மட்டுமே திறக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தொலைத்தொடர்புச் சட்டம் ஆபரேட்டர்களின் வலையைத்தான் கட்டுகிறது. டிராயின் ஸ்பேம் விதி எஸ்எம்எஸ்ஸுக்கும் அழைப்புக்கும் மட்டும். வாட்ஸ்அப்பில் வரும் நகைக்கடை மெசேஜைப் பற்றி 1909-இல் புகார் சொல்ல முடியாது. அங்கே உங்களுக்கு இருப்பது ‘பிளாக்’ பொத்தான். நிறையப் பேர் பிளாக் செய்தால் அந்தக் கடையின் தர மதிப்பீட்டை மெட்டா குறைக்கும், ஒரு நாளில் எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்ற வரம்பும் அடிபடலாம். ஒருவருக்கு எத்தனை விளம்பரச் செய்தி வரலாம் என்பதற்கும் அந்த நிறுவனமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதில் நல்ல விதிகளும் உண்டு. சில சமயம் டிராயை விட வேகமாகவும் வேலை செய்கின்றன. ஆனால் அந்த விதியை யார், எப்போது, எதற்காக மாற்றுகிறார்கள் என்று கேட்க நமக்கு இடமில்லை. சுங்கச் சாவடி வைத்திருப்பவரே போக்குவரத்து போலீஸாகவும் இருக்கும்போது, வண்டிகள் குறைய வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்படுவார்?

எங்களுக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒன்றா என்பது ஆபரேட்டர்களின் நெடுநாள் முறையீடு. நியாயம் இருக்கிறது, வருமானம் போகிற வருத்தமும் அதில் கலந்திருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோது இத்தகைய செயலிகள் அதில் அடங்கா என்று அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். ஆனால் 2025 நவம்பர் கடைசியில், சிம் கார்டு போனில் இருந்தால்தான் மெசேஜ் செயலிகள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. காரணம் விளம்பரத் தொல்லை இல்லை, சைபர் மோசடி. அப்படியும், செயலிகளின் வாசலுக்குள் துறை கால் வைத்துவிட்டது.

ஆர்சிஎஸ் என்ற இன்னொரு தெருவும் உண்டு. எஸ்எம்எஸ் பெட்டிக்குள்ளேயே படமும் பொத்தானும் காட்டும் தரநிலை அது. ஆண்ட்ராய்டில் கூகுள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. இந்தியாவில் கடன் விளம்பரங்கள் அதில் வந்து குவிந்ததால் 2022 ஜூனில் கூகுளே அந்த விளம்பர வசதியை இங்கே நிறுத்திவைக்க நேர்ந்தது. 2024 செப்டம்பரில் ஐஃபோனுக்கும் ஆர்சிஎஸ் வந்ததால் நிறுவனங்களுக்கு மறுபடி ஆசை துளிர்த்திருக்கிறது.

பில் கவுன்டரில் ஏன் எண் கேட்கிறார்கள்?

‘போன் நம்பர் சொல்லுங்க சார்’ என்று சட்டை மடித்துக்கொண்டே கேட்கும் குரல் எல்லோருக்கும் பழக்கம். எண் இல்லாமல் பில் போடவே வராது என்பதுபோல் விரல் விசைப்பலகை மேல் காத்திருக்கும். பின்னால் வரிசை நீளும். சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பசிக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பல ஆண்டுகளாக இணைய விளம்பரம், நம்மை நமக்குத் தெரியாமல் பின்தொடர்வதை நம்பியிருந்தது. செருப்பு ஒன்றைத் தேடிவிட்டுச் செய்தி படிக்கப் போனால் அங்கேயும் செருப்பு வரும். 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஒரு செயலி உங்களைப் பின்தொடரலாமா என்று உங்களையே கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். குரோம் உலாவியில் மூன்றாம் தரப்பு குக்கிகளை (தளம் தளமாக நம்மைப் பின்தொடர உதவும் சிறு கோப்புகளை) ஒழிக்கப் போவதாக 2020-இல் சொன்ன கூகுள், தேதியைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் திட்டத்தையே கைவிட்டது. ஆனால் அதற்குள் விளம்பரத் தொழில் பாடம் படித்துவிட்டது: இரவல் தகவலை நம்பக்கூடாது, வாடிக்கையாளரின் அடையாளம் நம் கையிலேயே இருக்க வேண்டும்.

மேலை நாடுகளில் அந்த அடையாளம் மின்னஞ்சல். இங்கே மொபைல் எண். வங்கி, வாட்ஸ்அப், யுபிஐ எல்லாவற்றுக்கும் அதே எண். வருடக்கணக்கில் மாற்றவும் மாட்டோம். கடையில் சொல்லும் பத்து இலக்கத்தை விளம்பரத் தளத்தில் ஏற்றினால், இன்ஸ்டாகிராமில் உங்களையும், உங்களைப் போலவே செலவு செய்யும் மற்றவர்களையும் கண்டுபிடித்துக் காட்ட முடியும். எண் சொல்ல மறுத்தவருக்குப் பொருள் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. கவுன்டரில் இருக்கும் பையனுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தால் டெம்ப்ளேட் என்னாகும்?

டிஎல்டியின் அடித்தளம் ஒரே அனுமானம்: அனுப்பப்போகும் வாசகம் முன்கூட்டியே தெரியும். அதனால்தான் பதிந்து வைத்து ஒப்பிட முடிகிறது. செயற்கை நுண்ணறிவு அந்த அனுமானத்தையே உடைக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு ஒரே வாசகம் என்பது போய், ஒரு லட்சம் பேருக்கு ஒரு லட்சம் வாசகம் என்பது இப்போது செலவில்லாத வேலை. போன தீபாவளிக்குக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை வாங்கியவருக்கு அடுத்த அளவைக் காட்டி, அவர் பேசும் நடையிலேயே எழுத முடியும். எஸ்எம்எஸ்ஸில் இதற்கு வழியில்லை; ஸ்க்ரப்பிங் விடாது. வாட்ஸ்அப்பின் 24 மணி நேரச் சாளரத்துக்குள் டெம்ப்ளேட்டே தேவையில்லை. ஆகவே இந்தத் தொழில்நுட்பமும் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் அதே தெருவுக்குத்தான் போகிறது. அங்கேயும் வாசல்காரர் விதி போட்டுவிட்டார்: கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல பாட் (தானாகவே பதில் எழுதும் மென்பொருள்) வைத்துக்கொள்ளலாம், எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் பொது நோக்க பாட்களைப் பிற நிறுவனங்கள் 2026 ஜனவரி 15 முதல் வாட்ஸ்அப் வணிக இணைப்பில் நடத்த முடியாது என்றது மெட்டா. அவர்களுடைய சொந்த பாட் அதே செயலிக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குரல் இன்னும் சிக்கலானது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் ஜோ பைடன் குரலில் போலி அழைப்புகள் போயின. அடுத்த மாதம் 8-ஆம் தேதியே அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், முன்கூட்டிச் சம்மதம் பெறாத தானியங்கி அழைப்பில் செயற்கைக் குரல் சட்டவிரோதம் என்று அறிவித்தது. நாம் இதைத் தமிழில் ஏற்கெனவே கேட்டுவிட்டோம். அதே ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் மு. கருணாநிதி செயற்கை உருவத்தில் வாழ்த்திப் பேசினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரலை அதிமுக வெளியிட்டது. அவை வெளிப்படையாகச் செய்தவை, கேட்டவர்களுக்கு இயந்திரக் குரல் என்று தெரியும். கடன் வசூல் அழைப்பில் பேசும் பெண் குரல் மனிதக் குரலா என்று சொல்ல வேண்டிய கடமை இங்கே இன்னும் தெளிவாக வகுக்கப்படவில்லை. எண் 1600-இல் தொடங்குகிறதா என்று பார்க்கலாம்; பேசுவது யார் என்று அந்த எண் சொல்லாது.

நடைமுறைக்கு

விளம்பர எஸ்எம்எஸ் வேண்டாம் என்றால் 1909-க்கு அழைத்தோ, டிராயின் டிஎன்டி செயலியிலோ பதியலாம். முழுக்கத் தடுக்க வேண்டியதில்லை. வங்கி, வீட்டுமனை, கல்வி, உடல்நலம் என்று வகைவகையாகவும் தடுக்கலாம். ஒருமுறை ‘வேண்டாம்’ என்று விலகிவிட்டால் 90 நாளைக்கு அந்த நிறுவனம் மறுபடி ஒப்புதல் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. விளம்பரம் இல்லை, மோசடி முயற்சி என்று தோன்றினால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் சொல்லலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

சிறு கடைக்காரர்களுக்கு வேறு கவலை. பெரிய ஜவுளிக்கடைக்கு டிஎல்டி பதிவு ஓர் எழுத்தரின் அரை நாள் வேலை. தெருமுனைத் தையல் கடைக்கு அது மலை. அவர் தன் போனிலேயே வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு ‘பிளவுஸ் ரெடி அக்கா’ என்று அனுப்புகிறார். அது விளம்பரமா சேவையா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம்.

மிச்சமிருப்பது, நொண்டுகிறது என்று சொன்ன ஒப்புதல். பழைய ஒப்புதல்கள் பெரும்பாலும் காகிதத்திலோ, எப்போதோ தட்டிய ஒரு ‘டிக்’ குறியிலோ இருக்கின்றன, சரிபார்க்க முடியாது. அவற்றைத் திரட்டி டிஜிட்டல் பதிவேட்டில் ஏற்றும் முன்னோட்டத்தை 2025 ஜூனில் ரிசர்வ் வங்கியோடும் சில வங்கிகளோடும் சேர்ந்து டிராய் தொடங்கியது. இன்னொரு பக்கம், 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வர வேண்டும். இந்தச் சட்டத்துக்குத் தொலைத்தொடர்பு வலை, செயலி என்ற பாகுபாடு இல்லை. தரவை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பொறுப்பு அவருடையது. உச்ச அபராதம் 250 கோடி ரூபாய்.

அந்தச் சட்டப்படி, எண்ணை வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம், பிறகு ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறலாம், எங்கே புகார் செய்யலாம் என்று கடை ஓர் அறிவிப்புத் தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அத்தனையும் 70 இடத்துக்குள் அடங்காது என்பதால், அந்த அறிவிப்பும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வந்து சேரும்.